நட்டு என்கிற நாய்க்கு நகராட்சி வழங்கிய பாராட்டு

குழாய்க்காரர் வளர்த்த நாய் செய்த குற்றம் தண்ணீர் குடித்ததுதான். தண்ணீர் குடிப்பது ஒரு குற்றமா என்று கேட்பீர்கள். யாருக்கு முந்தி குடித்தது என்று தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

தெருமுனையில் நகராட்சி ஒரு பொதுக்குழாய் வைத்தது. பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. பள்ளம் தோண்டி, பைப் இறக்கி, டேப் சுற்றி மரை பூட்டியது என்னவோ நம் குழாய்க்காரர்தான். திறந்துவைக்க நகராட்சித் தலைவர் வந்தார். தண்ணீரின் அருமையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அவர் பேசப் பேச, வெயிலில் நின்றவர்களுக்கெல்லாம் அந்த அருமை நன்றாகவே புரிந்தது. கடைசியில் ஒரு கையால் குழாயைத் திருப்பி மறு கையைக் குவித்தார். கொட்டிய முதல் தண்ணீரில் நட்டு வாய் வைத்தது. மறுநாள் செய்தித்தாளில் தலைவரின் முழங்கையும் நட்டுவின் முழு முகமும் பளிச்சென்று வந்திருந்தன.

நட்டு குழாய்க்காரர் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. பைப் லைன் போட வெட்டிய பள்ளத்தில், கைப்பிடி அளவில் சுருண்டு கிடந்தது. குழாய்க்காரர் அதைத் தூக்கி, நட்டு போல்ட்டு போட்டு வைக்கும் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். பெயர் அப்படி வந்தது. பிள்ளை இல்லாத வீடு என்று தெருவில் சொல்வார்கள். அந்த வீட்டில் கேட்டால், இருக்கிறான், நாலு காலில் நடக்கிறான் என்பார்கள்.

குழாய்க்காரருக்கு யாரையும் பாராட்டிப் பழக்கமில்லை. அவரையும் யாரும் பாராட்டியதில்லை. குழாய் ஒழுகினால்தான் அவர் நினைப்பு ஊருக்கு வரும், ஒழுகாமல் இருக்கும் வரை அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. நட்டு அவருடைய செருப்பைக் கவ்விக்கொண்டு வந்தால், "அட மூதேவி! ஒத்தச் செருப்ப மட்டும் கொண்டாந்திருக்கியேடா கழுத! இன்னொன்ன உங்க அப்பனா கொண்டாருவான்?" என்பார். நட்டுவின் வால் அப்போது தனியாக ஆடாது. பின்பாதி உடம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஆடும். ஓடிப்போய் இன்னொரு செருப்பைக் கொண்டுவரும். பெரும்பாலும் அது பக்கத்து வீட்டுச் செருப்பாக இருக்கும்.

படம் வெளிவந்த மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. பொது நிகழ்ச்சியில் ஒழுங்கீனமாக நடந்துகொண்ட மேற்படி நாய், நகராட்சி நாய் நன்னடத்தைப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து சான்றிதழ் பெற வேண்டும். தேர்வுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் நாய் காப்பகத்துக்கு மாற்றப்படும். காப்பகம் என்பது ஊருக்கு வெளியே, சாம்பல் நிற மதில் சுவருக்குள் இருந்தது. உள்ளே போன நாய்களைப் பலர் பார்த்திருக்கிறார்கள். வெளியே வந்த நாயைப் பார்த்ததாகச் சொல்பவர் ஒருவரும் இல்லை.

"நம்ம நட்டு பாஸாயிடுவான்ல?" என்றாள் மனைவி.

"அவனுக்கென்ன. உக்காருன்னா உக்காருவான்."

பாவம், தேர்வு நாய்க்கு மட்டும்தான் என்று நினைத்துவிட்டார்.

பயிற்சி நிலையம் ஒரு நீளமான ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் குமாஸ்தா அம்மா ஒரு பெரிய பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷி. ஆனால் பதிவேடு திறந்திருக்கும்போது நல்லவராக இருக்க அவருக்கு அனுமதி இல்லை. உள்ளே, பயிற்சி கொடுப்பவரை எல்லாரும் விசில்காரர் என்றார்கள். அவர் வாயிலிருந்து விசிலை எடுத்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு ஓரமாக ஒதுக்கிக்கொள்வார் என்று பேச்சு.

முதல் நாள் இயக்குநர் உரையாற்றினார். நாய்கள் பதினொன்று, நாய்க்காரர்கள் பதினொருவர். அவர் பார்த்தது நாய்களைத்தான்.

"நண்பர்களே! பிஸ்கட் இல்லாமல் நாயைத் திருத்துகின்ற நிலையம் நம்முடையது. முன்பு இங்கேயும் பிஸ்கட் இருந்தது. தினமும் நாற்பது பாக்கெட். ஓராண்டு கவனித்தோம். ஒரு நாய்கூட ஒரு பிஸ்கட்டையும் தொடவில்லை! நாய்களுக்குப் பிஸ்கட்டில் நாட்டமில்லை என்று அப்போதுதான் கண்டறிந்தோம். அந்த ஆராய்ச்சிக்காக நானும் ஊழியர்களும் இரவு பகலாகப் பாடுபட்டதில் எனக்கு மட்டும் ஆறு கிலோ எடை கூடியது. ஆகவே இனி இங்கே ஒரே வெகுமதிதான். பாராட்டு! ஆனால் பாராட்டு என்பது பொதுச் சொத்து. அதைக் கண்டவர் கண்ட நேரத்தில் அள்ளி இறைக்க அனுமதிக்க முடியாது."

பாராட்டுக்கு மூன்று நிலைகள் வகுத்திருந்தார்கள். முதல் நிலை, 'நன்று'. இரண்டாம் நிலை, 'மிக நன்று'. மூன்றாம் நிலை, 'மிக மிக நன்று'. மூன்றாம் நிலைக்கு இயக்குநரே கையெழுத்திட வேண்டும். நிலையம் தொடங்கிய நாள் முதல் அதை யாருக்கும் கொடுத்ததில்லை.

"எனக்கே கிடைத்ததில்லை" என்றார் இயக்குநர். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தார்.

சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் மாட்டியிருந்தது: 'நாய் உட்கார்ந்த நொடியிலேயே பாராட்டுக. தாமதித்தால், எதற்காகப் பாராட்டினோம் என்பது நாய்க்குத் தெரியாது.' யாரோ விவரம் தெரிந்தவர் எழுதியது. அதற்கு நேர் கீழே செயல்முறை ஒட்டியிருந்தது. அது நிலையத்தாரே எழுதியது. நாய் உட்கார்ந்ததும் உரிமையாளர் கையை உயர்த்த வேண்டும். விசில்காரர் வந்து, குனிந்து, பின்னங்கால் இரண்டும் பிட்டமும் தரையில் படிந்திருக்கின்றனவா என்று பார்த்து விசில் ஊத வேண்டும். குமாஸ்தா அம்மா நாயின் எண்ணையும் உரிய நிலையையும் பதிவேட்டில் எழுதி முத்திரை குத்த வேண்டும். முத்திரைச் சத்தம் கேட்ட பிறகு உரிமையாளர் பாராட்டலாம். மொத்தம் நாலு நிமிடம். முத்திரைக்கு மை தேட வேண்டியிருந்தால் ஏழு.

நாலு நிமிடம் எந்த நாய் சும்மா உட்கார்ந்திருக்கும்? முதல் நிமிடத்தில் எழுந்துவிடும். இரண்டாவதில் காதைச் சொறியும். மூன்றாவதில் பக்கத்து நாயை மோந்து பார்க்கும். நாலாவதில் எதையாவது தேடிப் போய்க் காலைத் தூக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து முத்திரை விழும், "மிக நன்று!" என்பார்கள். ஒரே வாரத்தில் பதினொரு நாய்களும் பாடத்தைச் சுத்தமாகக் கற்றுக்கொண்டன. 'நன்று' என்று காதில் விழுந்தால் கால் தானாக மேலே போனது.

"எங்க வீட்டுக்கு நேத்து விருந்தாளி வந்தாரு" என்றார் பல் டாக்டர் அம்மா. அவர் நாய் வெள்ளை வெளேரென்று சோப்பு நுரை மாதிரி இருக்கும். "சாப்பிட்டு முடிச்சுட்டு, 'மிக நன்று'ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாரு. அவரு பேன்ட்ட துவைச்சுக் காயப்போட்டுருக்கேன்."

"இயக்குநர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. பயிற்சி வீடு வரைக்கும் போயிருக்குதேன்னு சந்தோஷப்பட்டாரு."

வீட்டிலும் பழக வேண்டும் என்பது நிலையத்தின் உத்தரவு. அன்று குழாய்க்காரர், மனைவி கொடுத்த டீயை வாங்கிக் குடித்தார். நட்டு வெளியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். தொண்டையைச் செருமி, "மிக நன்று" என்றார்.

அவள் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. "என்ன பண்ணிட்டு வந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணலடி."

"பொய் சொல்லாதீங்க. இருபத்திரண்டு வருஷமா டீ குடிக்கிறீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையா? டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"பாராட்டிப் பழகச் சொல்லியிருக்காங்க. நாய்க்கு."

"நாய்க்கா?" என்றாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்து, "இன்னொரு தரம் சொல்லிப் பழகுறதா இருந்தா டீ இருக்கு" என்றாள்.

முதல் தேர்வு நடந்தது. குழாய்க்காரர் "உக்காரு" என்றார். நட்டு பொத்தென்று உட்கார்ந்தது. முதுகு நேர், காது நேர், கண் அவர் முகத்தில். இத்தனை நாளில் எந்த நாயும் அப்படி உட்கார்ந்ததில்லை. விசில்காரர் குனிந்து பார்த்து விசில் ஊதக்கூட மறந்தார். அந்தப் பூரிப்பில் குழாய்க்காரருக்கு முத்திரையும் நினைவில்லை, நிலையும் நினைவில்லை.

"அட மூதேவி! உக்காந்துட்டியேடா கழுத!"

நட்டு பின்பாதியை ஆட்டியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே ஆட்டியதில் தரையின் தூசி இரண்டு பக்கமும் விசிறி மாதிரி விரிந்தது. இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

குமாஸ்தா அம்மா வாசித்தார்: "நாய், தேர்ச்சி. உரிமையாளர், அங்கீகாரம் இல்லாத சொற்களைப் பயன்படுத்தியதால் தோல்வி. உரிமையாளரைக் காப்பகத்துக்கு அனுப்ப விதியில் இடமில்லாததால், தோல்வி நாயின் கணக்கில் வைக்கப்படுகிறது."

"அம்மா, அது திட்டு இல்லம்மா" என்றார் குழாய்க்காரர். "அவனுக்கு அது தெரியும்."

"அவனுக்குத் தெரியும்ணே. பதிவேட்டுக்குத் தெரியாதே."

இரண்டாம் தேர்வுக்கு அவர் வாயைக் கட்டிக்கொண்டு போனார். கையை உயர்த்தினார். விசில் ஊதியது. அன்றைக்கு மை தேடினார்கள். ஏழாவது நிமிடம் முத்திரை விழுந்தது. நட்டு அதுவரைக்கும் உட்கார்ந்துதான் இருந்தது. குழாய்க்காரர் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்: "மிக நன்று." சுற்றிலும் பத்து நாய்கள் செய்ததைத்தான் நட்டு ஒரு மாதமாகப் பார்த்து வந்திருந்தது. எழுந்தது. நடந்தது. இயக்குநரின் நாற்காலியைத் தேர்ந்தெடுத்தது.

தோல்வியை எழுதிய பக்கத்தை வெயிலில் காய வைக்க வேண்டியிருந்தது.

மிச்சம் ஒரே வாய்ப்பு. குழாய்க்காரர் சாப்பிடுவதை மறந்தார். வேலைக்குப் போன இடத்தில் குளிர்தண்ணீர் வர வேண்டிய குழாயில் வெந்நீரைக் கொண்டுவந்து விட்டார். மனைவி ஒரு பக்கம் சாப்பாட்டை அள்ளி அள்ளி நட்டுவுக்கு வைத்தாள். "எங்கேயும் போக மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். அந்தக் குரலைக் கேட்டால் நாளைக்கே போகப்போகிறவனுக்கு வைப்பது போல இருந்தது.

அந்த வாரத்தில்தான் இயக்குநர் அறையில் வாஷ்பேசின் ஒழுகத் தொடங்கியது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். குழாய்க்காரர் பேசினுக்குக் கீழே தலையை விட்டு மல்லாந்து படுத்திருந்தார். நாற்காலியில் இருந்த இயக்குநர் யாரிடமோ பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ். எத்தனை பேருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதியிருக்கேன் தெரியுமா? நாய்க்குக்கூட எழுதியிருக்கேன். எனக்கு ஒருத்தன் ஒரு வரி எழுதல. வீட்ல மட்டும் என்ன வாழுது? வந்தியா, சரி. தின்னியா, சரி. அவ்வளவுதான். நல்லாப் பிடிச்சுத் திருகுங்க, அங்க இன்னும் சொட்டுது."

குழாய்க்காரர் நன்றாகவே திருகினார். ஒழுகல் நின்றது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். "முடிஞ்சுதா? சரி, போகலாம்" என்றார் இயக்குநர்.

வாசலில் குமாஸ்தா அம்மா பதிவேட்டை மூடிவைத்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. மூணாவது தேர்வுல நாயைப் பாராட்டாதீங்க."

"பின்ன யாரம்மா பாராட்டுறது?"

"அங்க உக்காந்திருக்கிறது நட்டு ஒருத்தன்தானா?"

மூன்றாம் தேர்வு நாள். குழாய்க்காரர் "உக்காரு" என்றார், நட்டு உட்கார்ந்தது. கை உயர்ந்தது, விசில் ஊதியது, முத்திரை விழுந்தது. குழாய்க்காரர் நட்டுவிடமிருந்து முகத்தைத் திருப்பி, இயக்குநரைப் பார்த்துத் தொடங்கினார்.

"ஐயா, இது உக்காருதுன்னா அதுக்கு நீங்கதான் காரணம். உங்க நிழல் பட்டா கல்லுகூட உக்காரும். உங்களை மாதிரி ஒரு..."

என்ன சொன்னார் என்று அவருக்கே பிறகு சரியாக நினைவில்லை. பொய் சொல்லிப் பழகாதவன் ஒரு தடவை மடையைத் திறந்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. பத்து நிமிடம் போயிற்று. நட்டுவுக்கு எஜமானர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அதில் கால் தூக்கச் சொல்லும் அந்த வார்த்தை மட்டும் வரவே இல்லை. இவ்வளவு பேசுகிறவர் கடைசியில் நமக்கும் ஏதாவது சொல்லுவார் என்று அது அசையாமல் காத்திருந்தது. இயக்குநரின் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. கண் பாதி மூடியது. நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டதைப் பார்த்தால் உடம்பில் ஏதோ ஆடியது போலத்தான் இருந்தது.

இருபதாவது நிமிடத்தில் குழாய்க்காரருக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தினார்.

"மிக மிக நன்று!" என்று கத்தினார் இயக்குநர். "மூன்றாம் நிலை! எழுதுங்கம்மா! இருபது நிமிடம் அசையாத நாய்! நிலையத்தின் வரலாற்றில் முதல் தடவை!"

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பல் டாக்டர் அம்மா கைதட்டினார். அந்த வார்த்தைக்கு நட்டு காலைத் தூக்குவதற்குள் குழாய்க்காரர் குனிந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நீட்டிய காகிதத்தில் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் முதலில் எந்த வார்த்தையைச் சொல்வது என்பதிலேயே அவர் புத்தி இருந்தது.

வாசல் வரை வந்த பிறகுதான் நட்டுவின் கயிறு விசில்காரர் கையில் இருப்பதைப் பார்த்தார்.

"கயித்தக் குடுங்க."

விசில்காரர் குமாஸ்தா அம்மாவைப் பார்த்தார். குமாஸ்தா அம்மா தன் முத்திரையைப் பார்த்தார்.

"அண்ணே, முதல் நிலைன்னா வீட்டுக்குப் போகலாம். இரண்டாம் நிலைன்னாலும் போகலாம். மூணாம் நிலை வாங்குனா அது 'முன்மாதிரி நாய்'ணே. அது நிலையத்துச் சொத்து. இது வரைக்கும் யாருமே வாங்குனதில்ல, அதனால யாரும் அந்தப் பக்கத்தப் படிச்சதில்ல. நானே இப்பதான் படிச்சேன்."

"நான் எதுவும் எழுதிக் குடுக்கலியே!"

"இப்பதானேண்ணே கையெழுத்துப் போட்டீங்க. மனமுவந்து ஒப்படைக்கிறேன்னு."

அவர் இயக்குநரிடம் ஓடினார். இயக்குநர் அவரை உட்காரச் சொன்னார். அந்த அறையில் குழாய்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

"இவ்வளவு நல்ல நாய் ஒரு தனி மனுஷன் வீட்ல இருக்கலாமா? நீங்களே சொல்லுங்க. நேத்து வரைக்கும் உங்க நாய். இன்னைக்கு ஊருக்கே நாய். நியாயமாப் பாத்தா நீங்க எனக்கு நன்றி சொல்லணும். அதான் இருபது நிமிஷம் சொல்லிட்டீங்களே, போதும்."

வெறும் கயிறுகூட இல்லாமல் வீட்டுக்கு வந்தவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெயிலா?"

"பாஸு" என்றார். முழு விவரமும் அவளுக்குத் தெரிய மறுநாள் ஆயிற்று. அதையும் பல் டாக்டர் அம்மாதான் வந்து சொன்னார்.

நாலு மாதம் கழித்து நிலையத்தின் ஆண்டு விழா வந்தது. பொதுமக்கள் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். மனைவி வர மறுத்தாள். "பாத்துட்டு விட்டுட்டு வர என்னால ஆகாது. நீங்க போங்க. இளைச்சிருக்கானான்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

குழாய்க்காரர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். குமாஸ்தா அம்மா பதிவேட்டோடு வந்து பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார்.

"அண்ணே, தெரிஞ்சுக்கோங்க. பழைய உரிமையாளர் பேசினாலோ தொட்டாலோ அது நாயோட கணக்குல ஒழுங்கீனம். முன்மாதிரி நாய்க்கு மூணு வாய்ப்பெல்லாம் கிடையாது. ஒண்ணுதான். நேரா காப்பகம். வாயத் தொறந்துடாதீங்க. என் கையில எழுத வெச்சுடாதீங்க."

மேடைக்கு நட்டுவைக் கூட்டி வந்தார்கள். இளைத்துத்தான் இருந்தது. கழுத்தில் ஒரு பதக்கம். நகராட்சித் தலைவர் முன்வரிசையில் இருந்தார். விசில்காரர் ஊதினார். நட்டு உட்காரவில்லை. மூக்கை உயர்த்திக் காற்றைப் பிடித்தது. மறுபடி ஊதினார். நட்டு மேடையிலிருந்து குதித்தது. தலைவரைத் தாண்டி, நாற்காலிக் கால்களுக்கு நடுவே புகுந்து, ஒவ்வொரு வரிசையாக மோந்துகொண்டு வந்து, கடைசி வரிசையில் நின்றது.

குழாய்க்காரருக்கு முன்னால் வந்து பொத்தென்று உட்கார்ந்தது. முதுகு நேர், காது நேர், கண் அவர் முகத்தில்.

குழாய்க்காரர் கூரையைப் பார்த்தார். அங்கே ஒரு பைப் இணைப்பில் துருப்பிடித்திருந்தது. முக்கால் அங்குலமா, ஒரு அங்குலமா என்று கணக்குப் போட்டார். முக்கால்தான். மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட்டார். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். காலடியில் தரையைத் தேய்த்துக்கொண்டு வால் ஆடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. ஆனால் நட்டு எழுந்திருக்கவில்லை.

ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் எழுந்தது.

"பாருங்கள்! நன்றாகப் பாருங்கள்! யாரும் அழைக்கவில்லை. யாரும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒரு பொதுமகன் முன்னால் போய், தானாகவே உட்கார்ந்திருக்கிறது! பிஸ்கட் இல்லை. ஒரு பாராட்டுச் சொல்கூட இல்லை! தலைவர் அவர்களே, இந்த மேடையில் அறிவிப்பதில் பெருமை கொள்கிறேன். பிஸ்கட்டை நிறுத்தினோம், நாய் திருந்தியது. அடுத்த ஆண்டு முதல் பாராட்டையும் நிறுத்துகிறோம்!"

கூடம் அதிரக் கைதட்டினார்கள். தட்டாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசில்காரர் பார்த்துக்கொண்டே வந்தார். குழாய்க்காரர் கைகளை வெளியே எடுத்து, கூரையைப் பார்த்தபடியே தட்டினார்.

கைதட்டல் ஓய்ந்தது. தலைவருக்கு வேறு விழா இருந்தது, கிளம்பினார். நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள். விசில்காரர் வந்து நட்டுவின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். நட்டு எழுந்திருக்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். உட்கார்ந்த வாக்கிலேயே, முகத்தைக் குழாய்க்காரர் பக்கம் வைத்துக்கொண்டு, வழுவழுத்த தரையில் சறுக்கிச் சறுக்கி வாசல் வரைக்கும் போயிற்று.

குமாஸ்தா அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். 'உட்கார்தல்: முழு மதிப்பெண்' என்று எழுதி, மை தேடினார்.